வலது மூலையில் மஞ்சள் கிறுக்கல்

பழைய கார் பைத்தியம் பிடித்தவர்களில் இரண்டு வகை உண்டு. காரை ஓட்டி மகிழ்கிறவர்கள் ஒரு வகை. ஓட்டவே மாட்டார்கள், அதன் அடியில் மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்துக்கொண்டே ஆயுளைக் கழிப்பார்கள், அது இன்னொரு வகை. மிச்சிகன் மாநிலத்து மார்ஷ்ஃபோர்டில் இருந்த வெர்னன் ஹபெக் இந்த இரண்டாம் வகைக்குத் தலைவர். முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்த மனுஷன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்குமா? வீட்டுக்குக் கீழே நிலவறை முழுக்கப் பீரோ பீரோவாகக் காகிதம் சேர்த்தார்.

எல்லாம் ஒரே கம்பெனிக் காகிதம். மார்ஷ்ஃபோர்டில் டால்டன் கார் ஆலை என்று ஒன்று இருந்தது. எண்பத்தெட்டில் மூடினார்கள், இப்போது அங்கே புல் முளைத்திருக்கிறது. அந்த ஆலையில் செய்த எந்தக் காராக இருக்கட்டும், எந்த நிறத்தில் வெளியே வந்தது, கடிகாரம் வைத்து வந்ததா வைக்காமல் வந்ததா, ரேடியோ என்ன ரகம், எல்லாவற்றையும் வெர்னன் காகிதத்தோடு சொல்வார். காகிதம் இல்லையென்றால் வாயே திறக்க மாட்டார். "பேப்பர் இல்லாம பேசறது கிழவிங்க பேச்சு" என்பார். பக்கத்தில் மனைவி லோரெட்டா நிற்கிறாளே என்றுகூடப் பார்க்க மாட்டார்.

ஆலையில் கார் நகர நகர, ஒவ்வொரு இடத்திலும் சோதித்தவர்கள் கிரேயானாலோ பெயிண்டாலோ ஒரு குறி போடுவார்கள். இது முடுக்கியாச்சு, இது பார்த்தாச்சு என்று அர்த்தம். அந்தக் குறிகளை எல்லாம் தேடித் தொகுத்து வெர்னன் ஒரு சின்னப் புத்தகம் போட்டிருந்தார். நூற்றுப் பன்னிரண்டு குறி, அறுபத்து நாலு பக்கம். கார் கண்காட்சி நடுவர்கள் எல்லாருடைய சட்டைப்பையிலும் அது இருக்கும். புத்தகத்தில் உள்ள குறி காரில் இல்லாவிட்டால் மார்க் போச்சு. புத்தகத்தில் இல்லாதது காரில் இருந்தாலும் மார்க் போச்சு.

ஓர் அக்டோபர் மாதம் மார்லிஸ் டெக்கர் வந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள், நாற்பத்தெட்டு வயது, அகலமான தோள். வாசலில் ஒரு டிரெய்லர் நின்றது, அதன்மேல் சாயம் போன சிவப்பில் ஒரு கார்.

"வெர்னன் ஹபெக் நீங்கதானே?"

"எழுபதாம் வருஷத்துக் கெஸ்ட்ரல் மாடல்," என்றார் வெர்னன், அவள் தோளுக்கு மேலே பார்த்தபடி. "இந்தச் சிவப்பு அந்த வருஷம் கிடையாதே. எந்தப் படுபாவி அடிச்சான்?"

சமையலறையிலிருந்து லோரெட்டா கத்தினாள். "வந்தவங்கள உள்ள கூப்புடு வெர்னன்! வாசல்லயே நிக்க வெச்சு சீரியல் நம்பர் கேக்காத!"

காபி வந்தது. மார்லிஸ் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கம்மா இந்த ஆலையிலதான் வேல பாத்தாங்க. ரோசலின் ஹால்ட்னு பேரு. எழுபதாம் வருஷம் வசந்தகாலம், ரெண்டாவது ஷிஃப்ட். அந்த நவம்பர்ல நான் பொறந்தேன். பிப்ரவரியில வீடு தீப்பிடிச்சிருச்சு. என்னைய பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியா தூக்கிட்டாரு. அம்மாவத் தூக்க முடியல."

லோரெட்டா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு போட்டோ கெடையாது. ஒரு கடுதாசி கெடையாது. எல்லாம் வீட்டோட போச்சு. வேற வீடுகள்ல மாறி மாறி வளந்தேன். அம்மா வேலைக்கு இருந்த சமயத்துல இந்த ஆலையில செஞ்ச வண்டி ஒண்ணு எனக்கு வேணும்னு பத்து வருஷமாத் தேடி, ஒஹையோவுல இதப் புடிச்சேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். எங்கம்மா கை இந்த வண்டி மேல பட்டுச்சா இல்லையா?"

வெர்னன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"மார்லிஸ், வண்டிக்கெல்லாம் பேப்பர் இருக்கு. எந்தக் கலரு, எந்த இஞ்சினு, எந்த சீட்டு, எல்லாம் இருக்கும். எந்த ஆள் முடுக்கினாங்கன்னு எந்தப் பேப்பரும் சொல்லாது. ஆளுங்களுக்குப் பேப்பர் கெடையாது."

"தேடிப் பாக்க முடியாதா?"

"இல்லாததை எப்படித் தேடறது?"

ஆனாலும் பழக்கம் விடுமா? இரண்டு பேரும் வெளியே போய் காரின் பின்சீட்டைத் தூக்கினார்கள். கார் ஆலையில் நகரும்போது, அதில் என்னென்ன மாட்ட வேண்டும் என்று எழுதின ஒரு நீளக் காகிதம் கூடவே வரும். வேலை முடிந்ததும் தொழிலாளி அதைக் குப்பையில் போடச் சோம்பல் பட்டு, சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கில் செருகிவிடுவான். பாதிக் கார்களில் பக்கத்துக் காரின் தாள்தான் கிடைக்கும். இதில் சரியான தாளே இருந்தது. எலி ஒரு முனையைத் தின்றிருந்தது. மீதியை வெர்னன் கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார்.

"ஏப்ரல் பதினாலு! ரெண்டாவது ஷிஃப்ட்!" என்று கத்தினார்.

மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா அன்றைக்கு, அந்தக் கூரைக்குக் கீழே இருந்திருக்கிறாள். அது உறுதி.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். அந்தத் தாளைச் சட்டம் போட்டு அவள் கையில் கொடுத்து, போய் வா என்று அனுப்பியிருக்கலாம். ஆனால் தாளைப் படிக்கப் படிக்க மனுஷனுக்கு வெறி ஏறியது. பாசிப் பச்சை நிறம், வெள்ளைக் கூரை, கடிகாரம் உண்டு, ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோ. இப்போது நிற்பதோ சிவப்பு, கறுப்புக் கூரை, யாருடையதோ ஸ்டீயரிங்.

"இது வேற எவனோட வண்டியோ மாதிரி இருக்கு," என்றார். "இதத் தாள்ல இருக்கற மாதிரியே ஆக்கிடலாம், மார்லிஸ். ஒரு ஆணி மாறாம. அன்னைக்கு ஆலை வாசல் தாண்டினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி. உங்கம்மா கண்ணு எதப் பாத்துச்சோ, அதையே நீங்களும் பாக்கலாம்."

இப்படிச் சொன்னால் எந்த மகள் மாட்டேன் என்பாள்? அவள் அங்கேயே அழுதுவிட்டாள். அவர் மனசறிந்து ஏமாற்றினார் என்று யாரும் சொல்ல முடியாது. தான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவரே நம்பினார்.

கார் டுவேன் கிப்ஸின் பட்டறைக்குப் போனது. டுவேன் வெர்னனின் முப்பது வருடச் சிநேகிதன். வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு பேரும் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுச் சீட்டாடுவார்கள். பிப்ரவரியில், வெளியே பனி முழங்கால் உயரம் கிடக்க, டுவேன் போன் செய்தான்.

"யோவ் வெர்னன், வந்து பாத்துட்டுப் போ. இஞ்சின் பக்கம் கழுவிட்டேன். மஞ்சளா என்னமோ இருக்கு."

சிவப்பு அடித்தவன் சோம்பேறி, இஞ்சின் அறைக்குள் கையே வைக்கவில்லை. அங்கே பழைய பச்சை அப்படியே இருந்தது, ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில். டுவேன் பிசுக்கை எடுத்ததும், இஞ்சினுக்கும் டிரைவர் அறைக்கும் நடுவில் நிற்கும் தகட்டுச் சுவரில் ஐந்து குறிகள் துலங்கின. நான்கு புத்தகத்தில் இருப்பவை. வெர்னன் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒவ்வொன்றையும் ஆறு ஆறு படம் எடுத்தார். ஐந்தாவது, வலது மேல் மூலையில், கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள் கிரேயானில் ஒரு கிறுக்கல்.

"இது நம்ம புஸ்தகத்துல இல்லியே?" என்றான் டுவேன்.

"எவனாச்சும் பெட்ரோல் பங்குக்காரன் பேட்டரி மாத்துனப்ப கிறுக்கியிருப்பான்."

"ஒரு படம் எடுத்து வெச்சுக்கவா?"

"குப்பைக்கு எதுக்குய்யா படம்? நடுவர் பாத்தா ரெண்டு மார்க் போகும்."

மேசைமேல் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் நனைத்த துணி கிடந்தது. வெர்னன் அதை எடுத்து, தானே, ஒரே இழுப்பில் துடைத்தார். மூக்கைச் சிந்தித் துடைக்கிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு அந்தச் சுவர் முழுக்கச் சுரண்டிப் புதுப் பச்சை அடித்தார்கள். நான்கு குறிகளையும் வெர்னன் பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து, அதே சாய்வில், அதே அழுத்தத்தில் திரும்பப் போட்டார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. யார் கையெழுத்தையும் தன் கையால் போடுவார்.

ஜூன் மாதக் கண்காட்சியில் அந்தக் கார் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று வாங்கியது. மார்லிஸ் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் வெளியே வரவில்லை. ஜன்னலை இறக்கி, "அம்மா இப்படித்தான் பாத்திருப்பாங்க, இல்ல?" என்று கேட்டாள்.

"அப்படியேதான்," என்றார் வெர்னன்.

ஆகஸ்டில் பழைய சாமான் சந்தை. வருடா வருடம் பெரிய புல்வெளியில் கூடுவார்கள், துருப்பிடித்த பம்பரிலிருந்து கிழிந்த விளம்பரம் வரை பரப்பியிருப்பார்கள். டால்டன் ஆலையில் ஃபோர்மனாக இருந்து செத்துப்போன ஒருவரின் வீட்டைக் காலி செய்தவர்கள் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். வெர்னன் ஒரு கையில் சாசேஜ் பன்னைத் தின்றுகொண்டே இன்னொரு கையால் துழாவினார். பழுப்புக் கவர் ஒன்று வந்தது. 'இரண்டாவது ஷிஃப்ட், மாற்றுச் சோதனையாளர்கள், மார்ச் முதல் மே வரை, 1970.'

வழக்கமான ஆளுக்குப் பதிலாக நின்று சோதித்தவர்களின் பட்டியலா! அப்படி ஒன்று இருப்பதாகவே யாருக்கும் தெரியாது. கண்டுபிடிப்பு என்றால் இதுவல்லவா கண்டுபிடிப்பு! அவர் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். ஐந்தாவது வரியில் விரல் நின்றது.

ரோசலின் ஹால்ட். மார்ச் இரண்டு முதல் மே பதினைந்து வரை. தகட்டுச் சுவர், வலது மேல் மூலை. மஞ்சள் கிரேயான். சொந்தக் குறி.

பன் புல்லில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. துணியில் தின்னர் வாடை, சில்லென்ற தகடு, ஒரே இழுப்பு. அந்தக் கை இதோ, இந்தக் கைதான். உலகத்தில் அந்தத் தாயிடமிருந்து அந்த மகளுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஒரு பொருளை, இரண்டு மார்க் குறையுமே என்று துடைத்துப் போட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைகூட இல்லை இது. கையிலிருந்த பிள்ளையாரைக் குரங்கென்று நினைத்து உடைத்த கதை.

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் காரை எடுத்த படங்கள் நானூறையும் கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தார். நான்கு குறிகளின் ஓரங்களைத் துருவினார். ஒரு படத்திலாவது அந்த மூலை தற்செயலாக விழுந்திருக்கக் கூடாதா? விழவில்லை. அத்தனை சுத்தமாகப் படம் எடுக்கிற மனுஷன் அவர்.

நான்காம் நாள் லோரெட்டா கம்ப்யூட்டரை மூடினாள். "என்னத்தப் பறிகொடுத்த? சொல்லு."

சொன்னார். அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"போய்ச் சொல்லிடு வெர்னன். அந்தப் பொண்ணுக்கு அது தெரிஞ்சாகணும்."

"என்னன்னு சொல்றது? உங்கம்மா இருந்தாங்க, நான் துடைச்சிட்டேன்னா?"

"ஆமா. அப்படித்தான் சொல்லணும்."

பள்ளிப் பேருந்துகள் நிற்கும் கொட்டடியில் மார்லிஸ் தன் பேருந்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே பச்சைக் கெஸ்ட்ரல் நின்றது, வேலைக்கும் அதில்தான் வருவாள். வெர்னன் பட்டியலை நீட்டினார். அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள்.

"தொட்டாங்க!" என்று கத்தினாள். "வெர்னன், தொட்டாங்கய்யா! ஆளுங்களுக்குப் பேப்பரே இல்லன்னீங்க, பாத்தீங்களா!" அவரைக் கட்டிப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கியே விட்டாள். அடுத்த நிமிடம் ஓடிப்போய் காரின் பானெட்டைத் தூக்கினாள். "வலது மேல் மூல... இதுதானே? எங்க இருக்கு? வெர்னன், எங்க?"

புதுப் பச்சை பளபளவென்று இருந்தது. ஒரு தூசி இல்லை.

அவள் விரலால் தகட்டைத் தடவிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"இருந்துச்சு," என்றார் வெர்னன். "பிப்ரவரியில இருந்துச்சு. ஏதோ கிறுக்கல்னு நெனச்சேன்."

"அழிச்சிட்டானா டுவேன்?"

பழியைப் போட ஓர் ஆள் தானாகவே வந்து நின்றான். வெர்னன் இல்லையென்று தலையை ஆட்டினார். "டுவேன் இல்ல. நான்தான். என் கையாலதான்."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு அறை அறைந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவள் பேருந்துப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"படம்?" என்று கேட்டாள். "நீங்க படம் எடுக்காத நட்டு உண்டா?"

"அத மட்டும் எடுக்கல."

"நான் பாக்கவே இல்ல," என்றாள் அவள், யாரிடமோ சொல்வதுபோல. "நாலு மாசம் வண்டி என்கிட்ட அப்படியே இருந்துச்சு. பிசுக்குன்னு நான் தொடக்கூட இல்ல." பிறகு தலையைத் தூக்கினாள். "நீங்க பாத்தீங்க. உலகத்துல எங்கம்மா கையெழுத்தப் பாத்தது இப்ப நீங்க மட்டுந்தான். எப்படி இருந்துச்சு? வரைஞ்சு காட்டுங்க."

அவள் பயணப் பதிவுத் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பேனாவைக் கொடுத்தாள். டுவேனும் பார்த்தானே என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் டுவேனை ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. 'மஞ்சளா இருந்துச்சுய்யா' என்பதற்கு மேல் அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

வெர்னன் கண்ணை மூடினார். மஞ்சள் தெரிந்தது. ஒரு வளையம் தெரிந்த மாதிரி இருந்தது. வால் ஒன்று இருந்ததா? கீழே இழுத்ததா, மேலேயா? ஒரு நொடி பார்த்தது, அதுவும் இளக்காரமாகப் பார்த்தது. எவ்வளவு கெஞ்சினாலும் திரும்பி வருமா? அவர் ஒன்று வரைந்தார். பக்கத்தில் வாலை மாற்றி இன்னொன்று. பிறகு குறுக்குக் கோடு போட்டு மூன்றாவது.

"இதுல எது?"

தெரியாது என்பதுதான் உண்மை. முப்பது வருடமாக, பெரிய பெரிய பணக்காரர்கள் முகத்துக்கு நேரே, 'பேப்பர் இல்ல, எனக்குத் தெரியாது' என்று சொன்ன வாய் அது. அந்த வாய்க்கு இன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை. அவள் அந்த மூன்றையும் பார்த்த பார்வையை நேரில் கண்டால் நமக்கும் வந்திருக்காது.

"நடுவுல இருக்கறது," என்றார்.

"உறுதியா?"

"உறுதி."

அவள் அந்த நடுக்குறியின்மேல் விரலை வைத்து, வளையத்தைச் சுற்றி, வாலை இழுத்து, மறுபடி வளையத்தைச் சுற்றி, எழுதிப் பழகும் பிள்ளைபோல அதன்மேலேயே போய்க்கொண்டிருந்தாள். பிறகு, "வண்டியில திரும்பப் போட்டுக் குடுங்க," என்றாள். போட்டுக் கொடுத்தார். நடுங்காமல், ஐம்பது வருடப் பழசுபோலவே போட்டுக் கொடுத்தார். அவள் அவரை மன்னித்துவிட்டாள். நன்றிகூடச் சொன்னாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? இன்னொருவன் இதே தப்பைச் செய்யக் கூடாதே என்று வெர்னன் பழைய கார் கிளப்பின் பத்திரிகையில் அரைப்பக்கம் எழுதினார். எழுபதாம் வருட வசந்தகாலக் கெஸ்ட்ரல் வைத்திருப்பவர்களே, வலது மேல் மூலையில் மஞ்சள் கிரேயான் கண்டால் துடைக்காதீர்கள், என் புத்தகம் தவறு, அது ஆலைக் குறிதான். இப்படி எழுதிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கக் கூடாதா? படம் இல்லாமல் பத்திரிகைக்காரர் போட மாட்டேன் என்றார். அந்த நடுக்குறியை வரைந்து அனுப்பினார்.

அக்டோபரில் மார்லிஸ் ஆப்பிள் வைத்துச் சுட்ட பண்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். "கண்ண மூடுங்க ரெண்டு பேரும்," என்றாள். திறந்தபோது அவள் சட்டைக் கையைச் சுருட்டியிருந்தாள். இடது மணிக்கட்டின் உள்பக்கம், நரம்பு ஓடும் இடத்தில், மஞ்சள் மையில் பச்சை குத்தியிருந்தது. வளையம், மேலே இழுத்த வால்.

"இனிமே எவன் தொடச்சாலும் போவாது," என்று சிரித்தாள்.

லோரெட்டா வெர்னனைப் பார்த்தாள். மார்லிஸிடம் உறுதி என்று சொன்ன அன்றிரவே, அது தெரியாமல் சொன்னது என்று அவளிடம் அவர் கொட்டியிருந்தார். வெர்னன் பண்டத்தை வெட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். வெட்டின துண்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அளவில் வந்தன.

நவம்பர் நடுவில், மான் வேட்டை தொடங்கின வாரம், விஸ்கான்சினிலிருந்து ஒரு கவர் வந்தது. ஆர்லோ ஜென்சன் என்று ஒருவர். 'உங்கள் குறிப்பு என் கண்ணில் சரியான நேரத்தில் பட்டது. என் கெஸ்ட்ரல் நாற்பது வருடம் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. அடுத்த நாள் சுவரைச் சுரண்டுவதாக இருந்தோம். நீங்கள் சொன்ன அதே மூலையில் மஞ்சள் குறி இருக்கிறது. ஆனால் நீங்கள் வரைந்த மாதிரி இல்லை. தாள்படி ஏப்ரல் பதினாறு, இரண்டாவது ஷிஃப்ட். தொடாமல் வைத்திருக்கிறேன்.' கூடவே ஒரு படம்.

வெர்னன் படத்தைப் பார்த்தார். வளையம் இல்லை. வால் இல்லை. கையை எடுக்காமல் ஒரே வீச்சில் போட்ட இரண்டு எழுத்து, அடியில் அவசரமாகத் தட்டின இரண்டு புள்ளி. அவ்வளவுதான். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் பிப்ரவரி மாதப் பட்டறை, துணி, தகடு, மூலை, எல்லாம் அப்படியே எழுந்து நின்றன. இதுதான். இதேதான். கெஞ்சினபோதெல்லாம் வராத ஞாபகம், இப்போது யாரும் கூப்பிடாமல் வந்து முகத்தில் அறைந்தது.

"பேசாம இருந்துட்டா என்ன?" என்று லோரெட்டாவிடம் கேட்டார். "அவ சந்தோஷமா இருக்கா. கையில குத்திக்கிட்டா, லோரெட்டா. கையில!"

"நெசமான கையெழுத்து அங்க ஒரு கொட்டகையில இருக்கு. அவ போய் தொட்டுப் பாக்கலாம். அத மறைக்கப் போறியா?"

"சொன்னா அவ மணிக்கட்டுல இருக்கறத என்ன பண்றது?"

சொன்னாலும் கொலை, சொல்லாவிட்டாலும் கொலை. இரண்டு நாள் அந்தக் கவர் சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் கிடந்தது. இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் வெர்னன் மார்லிஸ் வீட்டுக்குப் போனார். அவள் வீடு முழுக்க வெங்காய வாசனை, அடுப்பில் பெரிய பாத்திரத்தில் பீன்ஸும் இறைச்சியும் கொதித்துக்கொண்டிருந்தது. சட்டைக் கையை மடக்கி விட்டிருந்தாள். இப்போதெல்லாம் அவள் சட்டைக் கையை இறக்குவதே இல்லை.

"வாங்க வாங்க! மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? மான் எதுவும் சிக்கலையா?" என்றாள்.

அவர் உட்காராமல் படத்தை மேசைமேல் வைத்தார். "விஸ்கான்சின்ல ஒரு கெஸ்ட்ரல். உங்க வண்டிக்கு ரெண்டு நாள் கழிச்சு செஞ்சது. அதே ஷிஃப்ட், அதே மூல. இன்னும் அழியல."

அவள் கையைத் துடைத்துவிட்டுக் குனிந்தாள். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு புருவம் சுருங்கியது. இடது மணிக்கட்டைத் திருப்பிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது வேற மாதிரி இருக்கே. வேற ஆளோடதா இருக்கும்."

"அந்த ரெண்டரை மாசமும் அந்த மூலைக்கு ஒரே ஆளுதான். லிஸ்ட்ல இருக்கு."

"அப்ப அம்மா ரெண்டு விதமாப் போட்டிருப்பாங்க. அவசரத்துல ஆளுங்க மாத்திப் போட மாட்டாங்களா? நானே பேருந்துல ஒரு நாள் ஒரு மாதிரி கையெழுத்துப் போடுறேன், மறுநாள்..." அவள் பேசிக்கொண்டே போனாள். அவருக்காக அவளே வக்கீல் ஆகிக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் வீட்டுக்குப் போய்விடலாம்.

"இல்ல, மார்லிஸ். நான் துடைச்சது இந்தப் படத்துல இருக்கறதத்தான். பாத்ததும் ஞாபகம் வந்துருச்சு."

அடுப்பில் பாத்திரம் பொங்கி வழிந்தது. அவள் போய் அணைக்கவில்லை.

"அன்னைக்கு உங்கள உறுதியான்னு கேட்டேன்."

"கேட்டீங்க."

"அப்ப இது?" அவள் மணிக்கட்டை அவர் முன்னால் நீட்டினாள். "இது யாரு கையெழுத்து, வெர்னன்?"

"என்னோடது," என்றார் அவர்.